ஒன்பதாம் வகுப்பும் குடியம் குகையும்

குடியம் குகைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும்போது டார்ச் லைட் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். சொன்னாலும் நாலைந்து பேர் பையில் ஒளித்து எடுத்து வருவார்கள். குகை என்றால் குறுகலான வாய், உள்ளே கும்மிருட்டு, தலைகீழாகத் தொங்கும் வௌவால், எங்கோ போய் முடியும் சுரங்கம். கார்ட்டூனும் சினிமாவும் அவர்கள் மனதில் வரைந்து வைத்திருப்பது அந்தக் குகையைத்தான். முள்ளும் கல்லுமான பாதையில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் எதிரே இருப்பது வேறு. மலையின் அடிப்பகுதி உள்வாங்கி, மேற்பகுதி பிரம்மாண்டமான தாழ்வாரமாக முன்னே நீட்டிக்கொண்டு நிற்கிறது. வெளிச்சம் தாராளமாக உள்ளே விழுகிறது.

"இதுவா டீச்சர் குகை? உள்ளே இருட்டே இல்லியே!"

இந்த ஏமாற்றத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் நடக்க வைக்கிறேன். நினைத்துவந்தது ஒன்று, கண்ணெதிரே இருப்பது ஒன்று என்று ஆன பிறகு ஒரு பிள்ளை பார்க்கும் பார்வையே வேறு. அதுவரை அவர்கள் சுற்றுலா வந்தவர்கள். அதற்குப் பிறகு அவர்களிடம் பாடம் நடத்தலாம்.

நான் இந்தக் குகை இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் முதல் பாடமே வரலாற்றுக்கு முந்தைய காலம்தான். அதில் கற்காலக் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கம் வருகிறது, கற்கருவிகளைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட் வருகிறார். உலக வரலாற்றுப் பாடத்தில் பேருந்து ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய ஊர் ஒன்று இருப்பது எத்தனை பள்ளிக்கு வாய்க்கும்? எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு அத்திரம்பாக்கம் அத்தை வீட்டுப் பக்கம். கொசஸ்தலையாற்றில் குளித்தவர்கள், பூண்டி ஏரிக்கரையில் மீன் வறுவல் தின்றவர்கள். அந்த ஊர்ப் பெயரைப் புத்தகத்தில் அச்சாகப் பார்க்கும்போது, அது வேறு ஏதோ ஊர் என்றுதான் முதலில் நினைக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன்பான வேலைகளை நீட்டி எழுத வேண்டியதில்லை. தலைமையாசிரியர் கையெழுத்து, பெற்றோர் ஒப்புதல் கடிதம், காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதி, வண்டி. தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். செருப்பு போதாது, ஷூ வேண்டும். இல்லாத பிள்ளைகளுக்கு முந்தைய வருடத்துப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துவிடுவேன். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிவரச் சொல்வோம். பொங்கல் விடுமுறை முடிந்த சமயம்தான் நல்லது. மழை நின்று பாதை காய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

ஒரே ஒரு விதியை மட்டும் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன். அது தேனீ பற்றியது. குகையின் மேற்கூரையில் மலைத்தேனீக்கள் பெரிய பெரிய அடைகளாகக் கட்டித் தொங்குகின்றன. அங்கே கத்தக் கூடாது, கல்லெறியக் கூடாது, சென்ட் பூசிவரக் கூடாது. பெண்பிள்ளைகளிடம் அன்றைக்கு மட்டும் மல்லிகை வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். குகைக்குள் ஊர்க்காரர்கள் கும்பிடும் அம்மன் இருக்கிறாள்; கற்பூரம் ஏற்றலாமா என்று யாராவது கேட்பார்கள். புகை போனால் அடை கலையும், கை கூப்பினால் போதும் என்பேன். இதைப் பிள்ளைகள் அழகாகப் புரிந்துகொள்கிறார்கள். வகுப்பறையில் ஒரு நிமிடம் வாயை மூடாதவன்கூட அங்கே குசுகுசுவென்று பேசுவான்.

பாதையில் எங்களுக்கு வழிகாட்ட ஒரு பெரியவர் வருவார். இருளர். களாச்செடி, சூரைமுள், ஈச்சம்புதர், ஆவாரை என்று போகிற போக்கில் சொல்லிக்கொண்டே வருவார். எந்தப் புற்றில் பாம்பு இருக்கிறது, எது வெறும் புற்று என்பது அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். எங்கள் வகுப்பிலும் இருளர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. வகுப்பில் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்காரும் பையன் அன்று பெரியவருக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நடப்பான். மற்றவர்கள் அவனிடம் செடிப் பெயர் கேட்பார்கள்.

இங்கே ஓர் ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காட்டில் வழிகாட்டும் ஒருவரையும் பாடத்தில் வரும் ஆதிமனிதரையும் பிள்ளைகள் மனம் சட்டென்று ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடும். பெரியவர்களே போடுகிறார்கள். அதனால் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்: அந்தத் தாத்தாவும் நாமும் ஒரே காலத்து மனிதர்கள். அவருக்கு ரேஷன் கார்டு இருக்கிறது, செல்போன் இருக்கிறது, பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். இந்தக் காட்டைப் பற்றி நம்மைவிட அதிகம் படித்தவர் என்பதால் அவரைக் கேட்டுக்கொண்டு நடக்கிறோம். அவ்வளவுதான்.

பாதையில் அரை மணி நேரம் போனதும் எல்லோரையும் நிறுத்திக் காலடியைப் பார்க்கச் சொல்வேன். செம்மண்ணில் உருண்டையும் முட்டையுமாகக் கூழாங்கற்கள். கைக்கு அடங்குவதும் உண்டு, இரண்டு கையாலும் தூக்க வேண்டியதும் உண்டு. ஆறு எங்கோ கீழே ஓடுகிறது, மலைமேல் எப்படி ஆற்றுக்கல் வந்தது? ஆளுக்கொரு பதில் வரும். வெள்ளம் கொண்டுவந்தது, யாரோ லாரியில் கொட்டினார்கள், எரிமலை வெடித்தது. எதையும் மறுக்காமல் நடக்கச் சொல்வேன். பாறைச் சுவர் வரும்போது பதில் தானாக வந்துவிடும். அந்த மலையே கூழாங்கல்லால் ஆனது. சிவந்த மணலும் இரும்புச் சத்தும் இறுகிப் பிடித்துக்கொள்ள, உள்ளே கூழாங்கற்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். "கடலை உருண்டை மாதிரி இருக்கு டீச்சர்" என்று ஒரு பெண் சொன்னாள். அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. அப்போதிருந்து நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறேன்.

அந்தப் பாறை உண்டானது டைனோசர் காலத்தில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். பெரிய ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்து சேர்த்த கற்கள் அவை. அந்தக் கற்களோ அதைவிடப் பழையவை. வடமேற்கே திருத்தணிப் பக்கம் போனால் மூக்கு நீட்டி நிற்குமே நகரி மலை, அந்த வரிசையைச் சேர்ந்த குவார்ட்சைட் என்னும் கெட்டிக் கல். நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதானது. மலையாக நின்றது உடைந்து ஆற்றில் உருண்டு கூழாங்கல் ஆகி, மறுபடி இறுகிப் பாறையாகி, இப்போது மறுபடியும் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

உதிர்வதால்தான் குகையே உண்டாயிற்று. சுண்ணாம்புப் பாறையை நீர் கரைத்துக் குடைந்த போராக் குகை போன்றது அல்ல இது. மழைநீர் விரிசல் வழியே இறங்கி, கற்களைப் பிடித்திருக்கும் மணலை இளக்குகிறது. மென்மையான அடுக்கு முதலில் கொட்டிப்போகிறது. கெட்டியான மேல் அடுக்கு நீட்டிக்கொண்டு மிஞ்சுகிறது. இதை நான் விளக்குவதற்கு முன் அவர்களே கண்டுபிடிக்க ஒரு வேலை கொடுப்பேன். சுவரில் காலியான குழிகள் நிறைய இருக்கும், கல் கழன்று விழுந்த இடங்கள். ஒரு குழியைத் தேர்ந்தெடுத்து அதன் அளவை நோட்டில் வரைந்துகொண்டு, கீழே கிடப்பதில் அதற்குப் பொருந்தும் கல் எது என்று தேட வேண்டும். சரியான ஜோடி ஒருவருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் தேடி முடிக்கும்போது, சுவர் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். தாழ்வாரத்தின் விளிம்புக்கு நேர் கீழே நிற்கக் கூடாது என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது.

அதன் பிறகு உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்பேன். நீங்கள் கற்காலத்து ஆள். இங்கே குடும்பத்தோடு தங்கப்போகிறீர்கள். எங்கே படுப்பீர்கள்? தண்ணீருக்கு எங்கே போவீர்கள்? சாப்பாடு எங்கிருந்து வரும்? பத்து நிமிடம், குழுவாகப் பேசி எழுதுங்கள்.

முதல் இரண்டு நிமிடம் உற்சாகமாகப் போகும். அங்கே அடுப்பு, இங்கே பாட்டி, அந்த மூலையில் வேட்டையாடிய மான். பிறகு தண்ணீர்க் கேள்வி வரும். வந்த வழியில் தண்ணீரே பார்க்கவில்லையே என்று ஒருத்தி சொல்வாள். ஆறு இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று பெரியவரிடம் கேட்பார்கள். மேலே தேனீ, இதன் கீழே எப்படி நெருப்பு மூட்டுவது என்று இன்னொருவன். குழந்தை மேல் கல் விழுந்தால்? ஒரு வருடம் ஒரு மாணவி நேரே பெரியவரிடமே கேட்டுவிட்டாள்.

"தாத்தா, நீங்க இங்க ராத்திரி தங்குவீங்களா?"

"மழை வந்தா ஒதுங்குவோம்மா. தேன் எடுக்க வருவோம். ராத்திரி எதுக்கு இங்க? தண்ணி இருக்கிற எடத்துலதான் படுக்கணும்."

தொல்லியல் துறை தோண்டிப் பார்த்துச் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான். 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறைக்காக கே.டி. பானர்ஜி குடியம் குகையில் அகழாய்வு செய்தார். பழைய கற்காலக் கருவிகள் முதல் நுண்கற்கருவிகள் வரை அங்கே கிடைத்தன. ஆனால் நீண்டகாலம் குடியிருந்த இடத்தில் எதிர்பார்க்கிற அளவுக்குக் கிடைக்கவில்லை. மனிதர்கள் வந்திருக்கிறார்கள், ஒதுங்கியிருக்கிறார்கள், போயிருக்கிறார்கள். வீடாக வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அதே நேரம், சில கிலோமீட்டர் தள்ளி ஆற்றோரம், கூரையே இல்லாத திறந்தவெளியில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் ஆயிரக்கணக்கான கருவிகள்.

இதைச் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு யாராவது கேட்டே தீருவார்கள்: "அப்ப ஆதிமனிதன் குகையில வாழ்ந்தான்னு ஏன் டீச்சர் சொல்றாங்க?"

பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஆசிரியராக இருக்கிறேன். இதைவிட நல்ல கேள்வி வகுப்பறையின் நான்கு சுவருக்குள் எனக்குக் கிடைத்ததில்லை. குகைக்குள்தான் பொருள்கள் அழியாமல் பாதுகாப்பாக இருக்கும். திறந்தவெளியில் மழை அடித்துப்போகும், வெயில் தின்றுவிடும், ஏர் உழுதுவிடும். பிரான்சின் லாஸ்கோ போன்ற குகைகளில் ஓவியங்கள் தப்பிப் பிழைத்தன. ஆற்றங்கரையில் போட்ட பந்தலும் குடிசையும் பிழைக்கவில்லை. கிடைத்த இடத்தை வைத்து வாழ்ந்த இடத்தைச் சொல்லிவிட்டோம். பூட்டே பிற்காலத்தில் கர்நூல் பக்கத்து பில்லசுர்க்கம் குகைகளைத் தோண்டப் போனார். சுண்ணாம்புக் குகையில் எலும்பு நிலைத்திருக்கும் என்பதால்தான். குடியத்தின் கூழாங்கல் பாறையில் அப்படி எலும்பு தங்காது. ஒரு குகையில் என்ன மிஞ்சும் என்பதை அந்தப் பாறைதான் தீர்மானிக்கிறது.

பிறகு என் சொந்தக் கருத்து ஒன்றையும் சொல்வேன், கருத்து என்று சொல்லியே சொல்வேன். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் குவார்ட்சைட்டில் செய்தவை. தலைக்கு மேலே கூரையில் பதிந்திருக்கிறதே, அதே வகைக் கல். அந்த மனிதர்களுக்கு இந்த மலைகள் வீடாகப் பயன்பட்டதைவிட, நல்ல கல் உதிரும் இடமாகத்தான் அதிகம் பயன்பட்டிருக்கும். அவர்கள் கண் இந்தச் சுவரைப் பார்த்தபோது கருவியைப் பார்த்திருக்கும்.

கீழே கிடக்கும் கல்லில் மனிதக் கை பட்டது எது என்று கண்டுபிடிக்கவும் அங்கேயே கற்றுத் தருவேன். ஒரு பக்கம் மட்டும் உடைந்திருந்தால் அது தானாக விழுந்து உடைந்ததாக இருக்கலாம். விளிம்பைச் சுற்றி, இரண்டு பக்கமும், அடுத்தடுத்துச் சில்லு பெயர்த்த தழும்புகள் இருந்தால் நின்று பார். பெயர்ந்த சில்லில் அடி விழுந்த இடத்துக்குக் கீழே சிறிய புடைப்பு இருக்கும், விரலால் தடவிப் பார். பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. வீட்டுக்குக் கல் கொண்டுபோகக் கூடாது என்பதில் நான் இளகுவதே கிடையாது. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று தெரியாத கல் அலமாரியில் அழகாக இருக்கும், ஆனால் அதனிடம் கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது. பாறையில் பெயின்ட்டால் பெயர் எழுதிப்போனவர்களைப் பார்த்து எங்கள் பிள்ளைகளுக்கு வருகிற கோபம் எனக்கு நிறைவாக இருக்கிறது.

திரும்பும் பாதையில்தான் காலக்கணக்கு. லட்சம், கோடி என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு வெறும் சைபர்கள். நடக்க வைத்தால்தான் உடம்புக்குத் தெரியும். ஓர் அடி ஆயிரம் ஆண்டு. குகை வாசலில் நாம் நிற்கிற இடம் இன்று. ஓர் அடி எடுத்து வைத்தால் ராஜராஜன் தஞ்சைக் கோயிலைக் கட்டிக்கொண்டிருக்கிறான். இரண்டரை அடியில் கீழடி. அதற்குள்ளாகவே புத்தகத்தில் பாதி முடிந்துவிட்டது என்று சிரிப்பார்கள். முந்நூறு அடி வரை எண்ணிக்கொண்டே போனால் நம் இன மனிதர்கள் ஆப்பிரிக்காவில் தென்படத் தொடங்கும் காலம். 385-ஆவது அடியில் நிறுத்துவேன். அத்திரம்பாக்கத்தில் பெரிய கைக்கோடரிகள் குறைந்து, சில்லுகளைத் திட்டமிட்டுப் பெயர்த்துச் செய்த சிறிய கருவிகள் வந்தது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று 2018-இல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அவர்கள் குழுவினரும் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு நடை நீளும். எண்ணுவதை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். 1,500 அடி. அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் குகை கண்ணில் படாது. அத்திரம்பாக்கத்தில் கிடைத்த மிகப் பழைய கருவிகளின் வயது அது, 15 லட்சம் ஆண்டுகள்.

"டீச்சர், அந்தப் பாறையோட வயசுக்கு எவ்வளவு நடக்கணும்?"

போட்டுப் பாருங்கள் என்று விடுவேன். லட்சம் அடி. சென்னை வரை நடக்க வேண்டும். பாறைக்குள் இருக்கும் கூழாங்கல்லுக்கு? பத்து லட்சம் அடி. மதுரையையும் தாண்டிவிடும். இந்தக் கணக்கைக் கணித ஆசிரியர் மறுநாள் வகுப்பில் எடுத்துக்கொள்கிறார். எங்கள் இருவருக்கும் இதில் நல்ல உடன்பாடு.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் பூண்டி அருங்காட்சியகம். மாநிலத் தொல்லியல் துறை நடத்துகிறது. பலரும் முதலில் அருங்காட்சியகத்தைக் காட்டிவிட்டு அப்புறம் குகைக்குப் போகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பெயர்ச்சீட்டோடு இருக்கும் கைக்கோடரியைப் பார்த்துவிட்டுப் போனால், காட்டில் அதே வடிவத்தை மட்டும் தேடுவார்கள். பாறையைப் பார்க்க மாட்டார்கள். காட்டில் நடந்துவிட்டு வந்தவர்கள் பெட்டியின் முன்னால் நெடுநேரம் நிற்கிறார்கள். அந்தச் சில்லுத் தழும்புகளை எண்ணுகிறார்கள். பூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் முதல் கற்கருவியை எடுத்தபோது அவர் நிலவியல் ஆய்வாளர், தொல்லியல் படித்தவர் அல்ல என்று அங்கே சொல்வேன். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். கல்லை நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர் என்பதால்தான் அவர் கையில் அந்த முதல் கருவி சிக்கியது. குடியம் குகைகளையும் அவர் பார்த்து எழுதியிருக்கிறார்.

15 லட்சம் என்று எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் ஒதுக்குவேன். நிலத்தின் மேல் கிடக்கும் குவார்ட்சைட்டின் மீது விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் விழுகின்றன. அதனால் கல்லுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு பொருள்கள் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் சேர்வது நின்று, சிதைவது மட்டும் நடக்கும். ஒன்று வேகமாகச் சிதையும், மற்றது மெதுவாக. இரண்டும் எந்த விகிதத்தில் மிஞ்சியிருக்கின்றன என்று பார்த்தால் எப்போது புதைந்தது என்று சொல்லலாம். 2011-இல் வெளியான ஆய்வு இப்படித்தான் கணக்கிட்டது. அந்த மண்ணில் பதிவாகியிருந்த காந்தத் திசையும் அந்தப் பழமைக்கு ஒத்துவந்தது. விலங்குப் பற்களும் குளம்புத் தடங்களும்கூட அங்கே கிடைத்திருக்கின்றன. மனித எலும்பு கிடைக்கவில்லை.

அத்திரம்பாக்கத்தில் பார்க்க அதிகம் இல்லை. ஓடைகள் அரித்த மேடு, முட்புதர், ஆடு மேய்ப்பவர்கள். நேரம் இருந்தால் வண்டியை நிறுத்தி இறங்குவோம். காலையில் குகையில் கூரை இருந்தது, தண்ணீர் இல்லை. இங்கே கூரை இல்லை, தண்ணீர் பக்கத்தில். அதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

திரும்பும் வண்டியில் பாட்டு போடுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி எழுதித் தர வேண்டும். புத்தகத்தில் பதில் இல்லாத கேள்வியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அந்தத் துண்டுக் காகிதங்களை வருடாவருடம் சேர்த்து வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்? வயதானவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள்? கருவி செய்யத் தெரியாதவன் என்ன வேலை செய்தான்? கைக்கோடரி செய்தது ஆணா பெண்ணா? எலும்பே கிடைக்கவில்லை என்றால் அவர்கள் எந்த வகை மனிதர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இவற்றோடு ஒன்று ஒவ்வொரு வருடமும் தவறாமல் வரும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடமிருந்துதான் வரும். "ஆதிமனிதன் எங்கு வாழ்ந்தான் என்று பரீட்சையில் கேட்டால் என்ன எழுதுவது?"

நியாயமான கவலை அது. மதிப்பெண் அவர்களுக்கு விளையாட்டு இல்லை. ஆற்றங்கரைகளிலும் திறந்த வெளிகளிலும் வாழ்ந்தனர், பாறை ஒதுக்குகளையும் குகைகளையும் அவ்வப்போது பயன்படுத்தினர், எடுத்துக்காட்டு அத்திரம்பாக்கம், குடியம் என்று எழுதுங்கள், முழு மதிப்பெண் கிடைக்கும் என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். எழுதிய கையோடு, எலும்பு கிடைக்காத மனிதர்களைப் பற்றிய அந்தக் கேள்வியை எடுத்து மறுநாள் பாடத்தைத் தொடங்குகிறேன்.